தூங்க விடுங்கள்!

வெயிலைப் பற்றிப் புலம்புவதற்கு நம் நாட்டில் ஓர் அந்தஸ்து உண்டு. சித்திரை பிறந்துவிட்டால் எந்த ஊரில் எத்தனை டிகிரி என்று பத்திரிகைகள் கிரிக்கெட் ஸ்கோரைப் போலத் தினந்தோறும் அச்சிடுகின்றன. கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் திறக்கிறார்கள். திறந்ததைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் பானையை மறந்துவிடுகிறார்கள். சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது; அதில் உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் இத்தனையும் பகலுக்குச் செய்யும் உபசாரம். சூரியன் மேற்கே இறங்கியதும் பிரச்னையும் அதனோடு இறங்கிவிட்டது என்று எல்லோரும் கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

இரவைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

வானிலை இலாகாவின் கணக்கைப் பாருங்கள். வெப்ப அலை என்று சொல்லச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரி இருக்க வேண்டும். அதுவும் வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இரவுக்கும் ஒரு விதி உண்டு. அன்றைய பகல் 40 டிகிரியைத் தொட்டிருந்தால்தான் அந்த இரவு 'வெப்ப இரவு' என்ற பட்டத்துக்கு லாயக்காகும். பகலில் 36, இரவில் 29, ஒரு இலை அசையவில்லை, பாயை முறுக்கிப் பிழிந்தால் வேர்வை சொட்டும் - அப்படிப்பட்ட இரவுக்குக் கணக்கேட்டில் இடமே கிடையாது. தூத்துக்குடிச் சீமையில் பங்குனி, சித்திரை இரவுகளில் மிகுதியும் இந்த ஜாதிதான்.

நான் சொல்லப்போவது புதியம்புத்தூர் சமாசாரம். தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. வடமேற்கே போனால் கோவில்பட்டி வரைக்கும் அதே கறுப்பு மண்தான். ஆனால் கோவில்பட்டிக்காரனுக்கு இல்லாத ஒரு சங்கடம் இந்த ஊருக்கு உண்டு. கடல் பக்கத்தில் இருக்கிறது. கடற்காற்று வீசினால் சொர்க்கம். அது நின்றுவிட்டாலோ, காற்றுப் போய் ஈரம் மட்டும் தங்கிவிடுகிறது. பகலில் கரிசலின் காந்தல், இரவில் கடலின் புழுக்கம் - இரண்டு சீதனமும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

புதியம்புத்தூரின் தொழில் தையல். பருத்தி விளைந்த மண்ணில் இன்று ஆயத்த உடைகள் தைக்கிறார்கள். சிறுவர் சட்டை, பாவாடை, பெண்கள் இரவில் உடுத்தும் நைட்டி என்று மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. தெருவுக்குத் தெரு தையல் மிஷினின் சத்தம். கூலி உருப்படிக் கணக்கு. தைத்தால் காசு, தலை சாய்ந்தால் நஷ்டம். தீபாவளிக்கு உங்கள் வீட்டுக் குழந்தை போட்டுக்கொண்டு குதித்த கவுன் இந்த ஊரில் தைத்ததாக இருக்கலாம். விலைச் சீட்டில் அதையெல்லாம் எழுதுவதில்லை.

அங்கே ஒரு தையற்கார அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயசிருக்கும். பகலில் தகரக் கொட்டகையில் வேலை. இரவில் சொந்தமாய்க் கட்டிய ஓர் அறை வீட்டில் வாசம்.

"ராத்திரி நல்லாத் தூங்குவீங்களாம்மா?" என்றேன்.

"தூக்கமா? நீங்க வேற, அண்ணாச்சி! பகல் பூரா குடிச்ச வெயில மச்சு ராத்திரி பூரா கக்குது. ஃபேனப் போட்டா அந்தச் சூட்டத்தான் அள்ளி மூஞ்சியில வீசுது. மூணு மணிக்கு மேல கொஞ்சம் கண் அசரும். அஞ்சு மணிக்குத் தண்ணி வந்திரும்."

"மாடியில காத்து வருமே, அங்க படுக்கலாமே?"

"ஆம்பிளைங்க படுக்காங்க. வயசுக்கு வந்த பிள்ளைய வச்சிக்கிட்டு நாங்க எங்க போய்ப் படுக்க?"

பௌதிக சாஸ்திரப் பேராசிரியர் ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டியதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மச்சு கக்குகிறது! நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்து, நாம் பாய் விரிக்கிற நேரம் பார்த்து உள்ளே விடுகிறது. தகரம் சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் ஆறும். கான்கிரீட் அப்படியல்ல, கடனை ஞாபகம் வைத்திருந்து நடுராத்திரியில் கதவைத் தட்டும் வட்டிக்காரன் மாதிரி.

மனிதன் தூங்க வேண்டுமானால் அவன் உடம்பின் உள்சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்க வேண்டும். அந்தச் சூட்டைத் தோல் வெளியே தள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே உடம்புக்குச் சமமாகச் சூடாக இருந்தால் வேர்வை ஒன்றுதான் கதி. வேர்வை ஊறினால் போதாது, உலர வேண்டும், உலர்ந்தால்தான் குளிர்ச்சி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் வேர்வை உலர இடமில்லை, வழிகிறது, அவ்வளவுதான். புழுக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். புரண்டு படுப்பவன் சோம்பேறியுமல்ல, சுகவாசியுமல்ல. அவன் உடம்பு ஒரு டிகிரிக்காக இரவு முழுதும் மல்லுக் கட்டுகிறது.

இதைச் சொன்னவுடன் மூன்று வகை மனிதர்கள் எதிரே வந்து நிற்பார்கள். மூவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆசாமி, "எல்லாம் பழகிப்போகும் ஸார். உழைக்கிற ஜனங்களுக்குக் கட்டாந்தரையில் படுத்தாலும் தூக்கம் வரும்" என்பவர். இதை அவர் எப்போதும் ஏ.சி. அறையில் உட்கார்ந்துதான் சொல்வார். ஏழையின் தூக்கத்தைப் பற்றிப் பணக்காரன் கட்டிவைத்த கதைகளில் இதைப் போல் செளகரியமானது வேறில்லை. 2022-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 68 நாடுகளில் 47,000 பேருக்கு மேல் கையில் கட்டிய பட்டைக் கருவிகளைக் கொண்டு சுமார் 70 லட்சம் இரவுகளின் தூக்கத்தை அளந்தார்கள். இரவுச் சூட்டினால் மனிதன் வருஷத்துக்கு ஏறத்தாழ 44 மணி நேரத் தூக்கத்தை இழக்கிறான் என்று கணக்கு வந்தது. முதியவர்களுக்கு நஷ்டம் இரட்டிப்பு. ஏழை நாட்டவர்களுக்குச் சுமார் மூன்று மடங்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சூட்டுப் பிரதேசத்துக்காரர்கள் பழகிக்கொண்டதாக அடையாளமே தெரியவில்லையாம். பழகிப்போனது தூக்கமில்லை ஐயா, தூக்கமின்மையைப் பற்றிப் பேசாமலிருப்பதுதான் பழகிப்போயிருக்கிறது. மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தவள் மிஷின் ஊசியின் கீழே விரலை வைத்துவிட்டால் 'கவனக் குறைவு' என்று பெயர் சூட்டவும் பழகியிருக்கிறோம்.

இரண்டாவது ஆசாமி என் சொந்தத் தொழிலைச் சேர்ந்தவர், பெரும்பாலும் எழுத்தாளர். "அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது, பனையோலைக் கூரை இருந்தது. நார்க்கட்டிலை வேப்ப மரத்தடியில் போட்டால் போதும்..." என்று உருகுவார். இவர் சொல்வதில் பாதி உண்மை. பனை நார்க்கட்டிலில் கீழிருந்தும் காற்று வரும், முதுகு வேகாது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பத்தமடைப் பாய் உடம்பில் ஒட்டாது. இன்றைக்குத் தவணையில் வாங்கிப் போடுகிற ஃபோம் மெத்தையோ உடம்பின் சூட்டை உடம்புக்கே திருப்பிக் கொடுக்கிறது. பனையோலை வேய்ந்த வீட்டுக்குள் நடுப்பகலிலும் படுக்கலாம் என்பது இந்தச் சீமையில் பிறந்த எவருக்கும் தெரியும்.

மறுபாதியை அவர் சொல்வதே இல்லை. திண்ணை யார் வீட்டில் இருந்தது? அதில் யார் உட்காரலாம், யார் நின்றே பேச வேண்டும் என்ற விதிகளும் அந்தக் குளிர்ந்த திண்ணையோடு சேர்ந்துதான் இருந்தன. வேப்ப மரத்தடிக் கட்டிலில் பெண்கள் படுத்தார்களா? ஆண்கள் வெளியே காற்றில் தூங்க, பெண்கள் அடுப்புச் சூடு ஆறாத உள்ளறையில் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டு கிடந்தார்கள். ஓலைக் கூரையில் ஒரு பொறி விழுந்தால் வரிசையாக நாலு வீடு சாம்பல். மழையில் ஒழுகும், தேளும் பாம்பும் வாசம் செய்யும். அப்படி வாழ்ந்தவன் மச்சு வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டது நாகரிக மோகமல்ல, கௌரவம். அதைக் குறை சொல்ல எந்த எழுத்தாளனுக்கும் யோக்கியதை இல்லை. மச்சு வீடு வந்ததில் தப்பில்லை. தூங்க முடியாத மச்சு வீடு வந்ததுதான் தப்பு.

மூன்றாவது ஆசாமி சுருக்கமாகப் பேசுவார்: "ஏ.சி. வாங்கிப் போடட்டுமே! தவணையில் தருகிறான்." நான் ஏ.சி.க்கு விரோதியல்ல. நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும், தள்ளாத வயசினருக்கும் சில இரவுகளில் அது மருந்து. மருந்தை எல்லோருக்கும் சாப்பாடாகப் போடச் சொல்லும்போதுதான் சண்டைக்கு வருகிறேன். சாதாரண ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் சாப்பிடும். இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால் எட்டு யூனிட். 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட் பன்னிரண்டு, பதின்மூன்று இரவில் தீர்ந்துவிடும். மிச்சம் நாற்பத்தேழு இரவுக்கு உருப்படிக் கூலிக்காரி எங்கே போவாள்? அதே ஒரு மணி நேர மின்சாரத்தில் 30 வாட் சிக்கன மின்விசிறிகள் முப்பதுக்கு மேல் ஓடும்.

பணம் இருப்பவர் விஷயத்திலும் ஓர் அநியாயம் இருக்கிறது. ஏ.சி. சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. உங்கள் அறையின் சூட்டை அள்ளி, தன் மோட்டார்ச் சூட்டையும் சேர்த்து, சந்துப் பக்கம் ஊதுகிறது. சந்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஜன்னலை அடைத்துவிட்ட உங்களுக்குத் தெரியாது. குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டினால் சண்டைக்கு வருகிறோம். சூட்டைக் கொட்டினால் அந்தஸ்து என்கிறோம்.

இதில் இந்தச் சீமைக்கே உரிய ஒரு விபரீதமும் உண்டு. கயத்தாறுப் பக்கம் போனவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆளைத் தள்ளும். தமிழ்நாட்டின் காற்றாலைகளின் மொத்தச் சக்தி 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் மின்சாரத் தேவை உச்சத்துக்குப் போவது காற்று ஓய்ந்த சித்திரையில். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்று வீசும் மாதங்களில் புழுதிக்குப் பயந்து ஜன்னலை அடைக்கிறோம். வீசாத மாதங்களில் நிலக்கரியை எரித்து அறையைக் குளிர்விக்கிறோம். அந்தக் கரிப்புகை அடுத்த சித்திரையை இன்னும் சூடாக்குகிறது. 2012-இல் ஊர் ஊராக மணிக்கணக்கில் மின்சாரம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? காற்றே நுழையாமல் கட்டிய அறைகளில் அன்றைக்கு எப்படித் தூங்கினோம் என்பதை நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க வேண்டாம்.

ஆகவே என் வழக்கு இதுதான்: தூக்கம் கூரையின் பொறுப்பு. வீட்டைக் கட்டுகிறவன், கட்டிக் கொடுக்கிறவன், வாடகைக்கு விடுகிறவன் - மூவரும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இது முடியாத காரியமில்லை. நம் கொத்தனார்களின் பாட்டனார்களுக்குத் தெரிந்திருந்தது. மச்சுக் கட்டினால் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தளம் போடுவார்கள். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். மழையையும் தடுக்கும், வெயிலையும் தாமதப்படுத்தும். இன்று வீடு கட்டும்போது கையிருப்புத் தீர்ந்ததும் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான். "மேல்தளம் அப்புறம் போட்டுக்கலாம்" என்பார் மேஸ்திரி. அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. வெறும் கான்கிரீட் வானத்தைப் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காய்கிறது.

மச்சின்மேல் வெள்ளையடித்தால் வெயிலில் பெரும் பகுதி வந்த வழியே திரும்பிவிடும். சுவருக்கு ஆயிரம் வர்ணம் தேடுகிறவர்கள் கூரைக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு தர மறுக்கிறார்கள்; தெருவில் போகிறவன் கண்ணில் படாதல்லவா? ஆமதாபாத் நகரம் 2010 மே மாதத்து வெயிலில் வழக்கத்தைவிட 1,344 சாவுகள் அதிகம் கண்டது. அதன் பிறகு 2013-இல் வெப்பத்துக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. பின்னால் ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை பூசியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. சுண்ணாம்பு அடிக்க அமெரிக்காவிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை.

சர்க்கார் கட்டித்தரும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010-இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவோம் என்று ஒரு திட்டம் வந்தது. 2011-இல் சூரிய விளக்குடன் 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. 2024-இல் கலைஞர் கனவு இல்லம்; 2030-க்குள் 8 லட்சம் வீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்றரை லட்சம் ரூபாய். குடிசையில் வாழ்ந்தவனுக்கு இடியாத சுவரைத் தந்த எந்தச் சர்க்காரையும் நான் வாழ்த்துவேன். ஆனால் கூரை எரியக் கூடாது, ஒழுகக் கூடாது என்று யோசித்த அதிகாரிகள், அதன் கீழே மனிதர் தூங்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசிக்கட்டும். வெளிச்சத்துக்கு ஒரு காலத்தில் சூரியத் தகடு கொடுத்தார்களே, தூக்கத்துக்கு மேல்தளமும் வெள்ளைப் பூச்சும் எதிரெதிரே இரண்டு ஜன்னலும், கொசு நுழையாத வலையும் கொடுத்தால் கஜானா காலியாகிவிடுமா? ஜனங்கள் ஜன்னலை அடைப்பது புழுக்கத்தின் மேல் ஆசைப்பட்டல்ல, கொசுவுக்குப் பயந்து. வலை இல்லாத ஜன்னல் பாதி ஜன்னல்தான்.

இன்னொன்று. வெயில் காலம் வந்தால் பத்திரிகைகளில் வைத்தியக் குறிப்பு வரும்: ஈரத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள், கூலர் வாங்குங்கள் என்று. டில்லியின் வறண்ட வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டி பிரமாதம். புதியம்புத்தூரின் ஈரப் புழுக்கத்தில் அதைச் செய்தால் அறையில் இருக்கிற ஈரத்தோடு இன்னும் ஈரம் சேரும். வேர்வை அடியோடு உலராது. இங்கே வேண்டியது நகரும் காற்று. படுக்கும்முன் ஒரு குளியல், மேனியில் லேசான நூல் துணி, மெத்தையை நீக்கிவிட்டுப் பாய் அல்லது நார்க்கட்டில், சூரியன் விழுந்ததும் எதிரெதிர் ஜன்னல்கள் திறப்பு, விசிறி - வரிசை இதுதான். ஆனால் மேலே மச்சு கக்கிக்கொண்டிருக்கும்வரை இவை அத்தனையும் பாதி வைத்தியமே.

இதைப் படிக்கிற உங்களில் பலர் சொந்த வீட்டுக்காரர்கள். சிலர் மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்டு ஓர் அறை எழுப்பி, "காற்றோட்டமான மாடி போர்ஷன்" என்று வாடகைக்கு விட்டவர்களும் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். மே மாதத்தில் ஒரே ஓர் இரவு அந்தப் போர்ஷனில் படுத்துப் பாருங்கள். மறுநாள் வாடகை கேட்க உங்களுக்கு நாக்கு எழுகிறதா என்று பார்ப்போம். பட்டறை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தகரத்தின் கீழே ஓர் ஓலைத் தட்டியாவது கட்டிக் கொடுங்கள். தரும கைங்கரியமாக வேண்டாம். தைப்பவள் கண் சொக்காமல் தைத்தால் உங்களுக்கும் லாபம்தான்.

உணவுக்கு ரேஷன் கேட்டோம், கிடைத்தது. தண்ணீருக்குக் குடத்தோடு மறியல் செய்தோம், குழாய் வந்தது. தூக்கத்துக்காக இதுவரை யாரும் மறியல் செய்ததில்லை. தூங்காதவன் களைத்துப் போயிருக்கிறான். அவனுக்குச் சத்தம் போடத் தெம்பில்லை. அவனை ஆளுகிறவர்களுக்கு அது மிகவும் செளகரியம். தூங்கி எழுந்த நாம் அவனுக்காகச் சத்தம் போடாவிட்டால், நம் தூக்கத்துக்கும் ஜடத்தின் தூக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?